கட்டளை வரியில் ஒரு கழித்தல் குறி

புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் விடியற்காலையில் ஒரு தேநீர்க் கடையின் முன் நின்று கவனித்திருக்கிறீர்களா? "மாஸ்டர், ரெண்டு டீ, ஒரு காபி, சர்க்கரை கம்மியா" என்கிறார் ஒருவர். சர்க்கரை எதற்குக் குறைய வேண்டும்? காபிக்கு மட்டுமா, மூன்றுக்குமா? மாஸ்டர் ஒரு கணம் ஆளைப் பார்க்கிறார். நாள்தோறும் வருபவராக இருந்தால் அவரே முடிவு செய்து கொள்கிறார். புதியவராக இருந்தால், "காபிக்கு மட்டுந்தானே?" என்று கேட்டு விடுகிறார்.

கணிப்பொறிக்கு ஆளைப் பார்க்கத் தெரியாது. நாம் தட்டச்சு செய்யும் ஒரு வரியில் எது செயல், எது பொருள், எந்த அடை எந்தப் பொருளுக்கு உரியது என்பதை எழுத்துக்களைக் கொண்டே அது பிரித்தறிய வேண்டும். இதனைக் கட்டளை வரியைப் பகுத்தல் என்பர். மிக எளிய வேலை போலத் தோன்றும் இதற்குச் சுமார் அறுபது ஆண்டு வரலாறு உண்டு. அந்த வரலாற்றை நான் தேடிப் படித்ததற்குக் காரணம், எங்கள் இயற்பியல் ஆய்வகத்தில் நானே செய்த ஒரு பிழை.

விலகிய எதிர் மின்னூட்டங்கள்

முதலாண்டு மாணவர்களுக்குக் கூலும் விதியைக் கற்பிக்க ஒரு சிறு நிரல் எழுதினேன். மொழி ஜாவாஸ்கிரிப்ட். அதை இயக்கும் பொறி நோட். இரண்டு மின்னூட்டங்களை மைக்ரோ கூலும் அளவிலும், இடைத்தொலைவைச் சென்டிமீட்டரிலும் கொடுத்தால், விசையை நியூட்டனில் தரும். மாணவர்கள் தட்டச்சு செய்ய வேண்டிய வரி இது:

நோட் விசை.ஜேஎஸ் --மின்1 2 --மின்2 -3 --தொலைவு 30

கையால் கணக்கிட்டுப் பாருங்கள். 9×10⁹ என்ற மாறிலியை 2×10⁻⁶ ஆலும் −3×10⁻⁶ ஆலும் பெருக்கி, 0.3-இன் வர்க்கமான 0.09-ஆல் வகுத்தால் −0.6 நியூட்டன் கிடைக்கும். கழித்தல் குறி ஈர்ப்பு விசையைக் குறிக்கும். நிரலோ 0.2 என்று விடையளித்தது. கழித்தல் குறியும் இல்லை, அளவும் மூன்றில் ஒரு பங்கு.

பெரும்பாலான மாணவர்கள் 0.2 என்றே பதிவேட்டில் எழுதி விட்டனர். கணிப்பொறி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை! ஒரு மாணவி மட்டும் எழுந்து, "சார், ஒண்ணு பாசிட்டிவ், ஒண்ணு நெகட்டிவ். அது எப்படி சார் விலகும்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை. மாலையில் நிரலை வரி வரியாகப் பார்த்தபோதுதான் புரிந்தது.

வரியைப் பகுக்க நானே எழுதியிருந்த பகுதியின் விதி இதுதான்: இரண்டு கோடுகளுடன் தொடங்கும் சொல் ஒரு பெயர்; அடுத்து வரும் சொல் அதன் மதிப்பு; ஆனால் அடுத்த சொல்லும் கோட்டுடன் தொடங்கினால், அது வேறொரு பெயர், எனவே முதற்பெயருக்கு மதிப்பு இல்லை, அதற்கு எதிரே 'உண்மை' என்று மட்டும் குறித்துக் கொள். இந்த விதிப்படி, '--மின்2' என்பதை அடுத்து வந்த '-3' ஓர் எண்ணாகவே கருதப்படவில்லை. மின்2-க்கு 'உண்மை' என்பது மதிப்பாயிற்று. '3' என்னும் பெயரில் யாரும் கேட்காத ஒரு குறி ஓரமாகப் பதிவாயிற்று. பின்னர் பெருக்கலின்போது ஜாவாஸ்கிரிப்ட் 'உண்மை' என்பதை 1 என்று எடுத்துக் கொண்டது. ஆக, 2-க்கும் 1-க்கும் இடைப்பட்ட விசையைத்தான் நிரல் கணக்கிட்டது. அது 0.2 நியூட்டன். எங்கும் பிழைச் செய்தி இல்லை.

இங்கே மூன்று தவறுகள் கைகோத்துள்ளன. கோட்டைக் கண்டதும் இது பெயர்தான் என்று ஊகித்தது ஒன்று. அறியாத பெயரை வாய்மூடி ஏற்றுக் கொண்டது இரண்டாவது. எண் அல்லாததை எண்ணாகக் கொண்டது மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரலாறு உண்டு. அவற்றை முறையாகக் காண்போம்.

துளை அட்டையின் காலம்

தமிழ்நாட்டில் பெரிய கணிப்பொறியைக் கல்விக்குப் பயன்படுத்தியதில் குறிப்பிடத்தக்க ஆண்டு 1973. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் அன்றைய மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் ஐ.பி.எம். 370/155 என்னும் பொறி நிறுவப்பட்டது. அந்நாளில் கணிப்பொறியின் முன் அமர்ந்து தட்டச்சு செய்வது வழக்கமன்று. 80 பத்திகள் கொண்ட அட்டைகளில் துளையிட்டு, கட்டாகக் கட்டிக் கொடுத்துவிட்டு, அச்சிட்ட விடைத்தாளுக்காகக் காத்திருக்க வேண்டும்.

நிரல் அட்டைகளுக்கு முன்னும் பின்னும் சில கட்டுப்பாட்டு அட்டைகள் இருக்கும். யாருடைய வேலை, எந்த நிரலை இயக்குவது, எந்தக் கோப்பைப் படிப்பது என்பவற்றை அவை பொறிக்குத் தெரிவிக்கும். அவற்றின் மொழிக்கு வேலைக் கட்டுப்பாட்டு மொழி என்று பெயர். ஐ.பி.எம். நிறுவனம் 1964-இல் அறிவித்த 360 வரிசைப் பொறிகளோடு பிறந்தது அது. அவ்வட்டைகளின் முதல் இரு பத்திகளிலும் இரண்டு சாய்கோடுகள் இருக்க வேண்டும்.

நமக்குத் தேவையான செய்தி என்னவென்றால், அந்த மொழியிலேயே இருவகைக் குறிப்புகள் இருந்தன. முதல் வகை இடத்தால் அறியப்படுபவை. முதலில் வருவது கணக்கு எண், இரண்டாவது வருவது நிரலாளர் பெயர் என்பது போல. ஒன்றை விட்டு விட்டால் அதன் இடத்தைக் காட்ட ஒரு காற்புள்ளியாவது போட வேண்டும். இரண்டாம் வகை பெயரால் அறியப்படுபவை. பெயர், சமக்குறி, மதிப்பு என்று எழுதப்படும் இவை எந்த வரிசையிலும் வரலாம். அவற்றுள் ஒன்று நிரலுக்கே நேராகச் சேர்ப்பிக்க வேண்டிய சிறு செய்தி. அதன் நீளம் 100 எழுத்துக்களுக்கு மிகக் கூடாது. இன்று நாம் கட்டளை வரியில் நிரலுக்குக் கொடுக்கும் குறிப்புகளின் பாட்டன் என்று அதனைச் சொல்லலாம்.

இம்மொழியின் கடுமை பெயர் பெற்றது. குறிப்புகளின் நடுவே கைதவறி ஓர் இடைவெளி விழுந்தால், அதற்குப் பின்னுள்ளவற்றைப் பொறி வெறும் குறிப்புரையாகக் கருதி ஒதுக்கி விடும். ஓர் இடைவெளிக்காக ஒருநாள் வேலை வீணாவதும் உண்டு. அந்த இயக்க அமைப்பின் உருவாக்கத்துக்குத் தலைமை தாங்கிய பிரெட் புரூக்ஸ் அவர்களே பிற்காலத்தில் இம்மொழியை மிகவும் கடுமையாகக் குறை கூறி எழுதியிருக்கிறார்.

உரையாடத் தொடங்கிய பொறி

ஒரே பொறியைப் பலர் ஒரே நேரத்தில் பங்கிட்டுக் கொள்ளும் முறையை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பத்தோவும் அவருடைய குழுவினரும் 1961-இல் செய்து காட்டினர். மனிதன் ஒரு வரி எழுதுவான். பொறி உடனே மறுமொழி கூறும். கட்டளையின் பெயர் முதலில், அதற்குரிய பொருள்கள் பின்னால், நடுவில் இடைவெளி என்ற அமைப்பு இங்கே நிலை பெற்றது. அட்டையில் குறிப்புகளைப் பாழாக்கிய இடைவெளி, இங்கே சொற்களைப் பிரிக்கும் வேலியாக மாறியது.

அக்குழுவில் பணியாற்றிய பிரெஞ்சு நாட்டவரான லூயி பூசான், பல கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி வைத்து, வேண்டிய பொருள்களை மட்டும் மாற்றி மாற்றிக் கொடுத்து இயக்கும் வழியைக் கண்டார். பயனர் எழுதும் வரியைப் படித்து உரிய நிரலை அழைக்கும் பகுதிக்கு 'ஷெல்' என்று பெயர் சூட்டியவரும் அவரே. ஷெல் என்றால் ஓடு, அதாவது உள்ளிருக்கும் பருப்பைச் சூழ்ந்திருக்கும் மேலோடு. அடுத்து உருவான மல்டிக்ஸ் என்னும் அமைப்பில், கட்டளையின் போக்கை மாற்றும் சொற்களுக்கு முன்னால் ஒரு சிறு கோடு இடும் வழக்கம் இருந்தது. கோப்பின் பெயர் எது, கட்டளைக்கு அடையாக வரும் சொல் எது என்று வேறுபடுத்திக் காட்டவே அந்தக் கோடு. என் ஆய்வகத்தில் கழித்தல் குறியை விழுங்கிய கோட்டின் பிறப்பிடம் அதுதான்.

பத்து எழுத்துக்கு ஒரு நொடி

மல்டிக்ஸ் பணியிலிருந்து விலகிய பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1969-இல் யூனிக்ஸ் என்னும் அமைப்பைத் தொடங்கினர். 1971 நவம்பரில் வெளியான அதன் முதல் கையேட்டிலேயே, கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' கட்டளைக்கு ஐந்து தேர்வுக்குறிகள் கூறப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் ஒரே ஓர் எழுத்து. ஒரு கோட்டை இட்டு, வேண்டிய எழுத்துக்களைச் சேர்த்தே எழுதலாம்.

ஏன் இத்தனைச் சுருக்கம்? காரணம் இயற்பியல் சார்ந்தது. அந்நாளில் பயன்பட்ட டெலிடைப் 33 என்னும் பொறி நொடிக்குப் பத்து எழுத்துக்களையே அச்சிடும். முப்பது எழுத்துக்கொண்ட ஒரு வரிக்கு மூன்று நொடி. விசைகளும் கடினமானவை, விரலால் அழுத்தமாகக் குத்த வேண்டும். ஆகவே ஒவ்வோர் எழுத்தும் விலையுள்ளதாக இருந்தது. அந்தப் பொறிகள் காட்சியகத்துக்குப் போய் விட்டன. அவற்றின் வேகம் வகுத்த ஓரெழுத்துக் குறிகள் நம் விரல்களில் இன்னும் வாழ்கின்றன.

யூனிக்ஸில் 'டிடி' என்று ஒரு கட்டளை உண்டு. அது மட்டும் கோட்டை விடுத்துப் பெயர், சமக்குறி, மதிப்பு என்ற வடிவில் குறிப்புகளை ஏற்கும். ஐ.பி.எம். அட்டை மொழியின் சாயல் அதில் வெளிப்படையாகத் தெரிகிறது. பழைய ஊரின் பேச்சு புது ஊரில் ஒரு வீட்டில் மட்டும் நிலைத்து விட்டது போல!

1972-ஐ ஒட்டி ரிட்சி உருவாக்கிய சி மொழியில், ஒவ்வொரு நிரலுக்கும் இரண்டு செய்திகள் வந்து சேரும். எத்தனைச் சொற்கள் என்ற எண்ணிக்கை ஒன்று, அச்சொற்களின் வரிசை மற்றொன்று. அந்த வரிசைக்கு 'ஆர்க்வி' என்று பெயர். பிரையன் கெர்னிகனும் ரிட்சியும் 1978-இல் வெளியிட்ட சி மொழி நூல் இதைப் பாடமாகவே வைத்திருந்தது. வரியை இடைவெளிகளில் வெட்டிச் சொற்களாக்குவது ஷெல்லின் பொறுப்பு; அச்சொற்களுக்குப் பொருள் காண்பது நிரலின் பொறுப்பு. இந்தப் பொறுப்புப் பிரிவினை இன்றும் மாறவில்லை. 'மழை அளவு' என்று இரு சொல்லாலான கோப்புப் பெயரை மேற்கோள் குறிக்குள் இடாமல் கொடுத்தால் நிரல் அதை இரண்டு கோப்புகளாகக் காண்பது இதனால்தான்.

ஊகித்தலும் அறிவித்தலும்

பொருள் காண்பது நிரலின் பொறுப்பு என்றவுடன், ஒவ்வொரு நிரலாளரும் தமக்குத் தோன்றியபடி பகுத்தனர். ஒரு கட்டளையில் எழுத்துக்களைச் சேர்த்து எழுதலாம், மற்றொன்றில் கூடாது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் பெல் ஆய்வுக்கூடத்தினர் 1980 வாக்கில் 'கெட்ஆப்ட்' என்னும் பொதுச் செயற்கூறு ஒன்றை எழுதினர். 1985-இல் டல்லஸ் நகரில் நடந்த யூனிஃபோரம் மாநாட்டில் அதன் மூலநிரலை யாவரும் பயன்படுத்துமாறு வெளியிட்டனர்.

அதன் நுட்பம் சிறியது, ஆனால் ஆழமானது. வரியைப் பகுக்கும் முன்பே, நிரல் தான் ஏற்கும் எழுத்துக்களின் பட்டியலைக் கொடுத்து விட வேண்டும். எந்த எழுத்துக்கு மதிப்பு தேவையோ, அதன் பின் ஒரு முக்காற்புள்ளி இட வேண்டும். அவ்வளவுதான்! 'இந்தக் குறிக்கு மதிப்பு உண்டு' என்று முன்னரே அறிவித்து விட்டால், அடுத்து வரும் சொல் கோட்டில் தொடங்கினாலும் தொடங்காவிட்டாலும் அதுவே மதிப்பு. '-3' பத்திரமாக '-3' ஆகவே வந்து சேரும். பட்டியலில் இல்லாத எழுத்து வந்தால் பிழை என்று உடனே தெரிவிக்கும். என் நிரலின் முதல் இரண்டு தவறுகளுக்கும் 1980-லேயே மருந்து இருந்தது. நான்தான் அதை அறியாமல் ஊகத்தை நம்பினேன்.

கெட்ஆப்ட் மற்றொரு வழக்கத்தையும் நிலைநாட்டியது. தனியாக இரண்டு கோடுகள் மட்டும் வந்தால், 'தேர்வுக்குறிகள் இத்துடன் முடிந்தன. இனி வருவன எல்லாம் வெறும் பொருள்களே' என்பது பொருள். கோட்டில் தொடங்கும் பெயருடைய கோப்பை அழிக்க முயன்று தவித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். பின்னர் குனூ இயக்கத்தினர் முழுச்சொற்களையே குறிகளாக வைக்க விரும்பினர். ஒற்றைக் கோட்டின் பின் வரும் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிப்பது ஏற்கெனவே வழக்கமாகி விட்டதால், முழுச்சொல்லுக்கு முன் இரட்டைக் கோடு இட்டனர்.

வேற்றுமை உருபும் செயலுருபும்

இடத்தால் அறிவதா, பெயரால் அறிவதா என்ற கேள்வி தமிழருக்குப் புதிதன்று. 'பூனை எலியைத் துரத்தியது' என்றாலும், 'எலியைப் பூனை துரத்தியது' என்றாலும் பொருள் ஒன்றே. 'ஐ' என்னும் இரண்டாம் வேற்றுமை உருபு எலியை ஒட்டிக் கொண்டு எங்குச் சென்றாலும் உடன் செல்கிறது. ஆங்கிலத்தில் இரு பெயர்களையும் இடம் மாற்றினால் எலி பூனையைத் துரத்தத் தொடங்கி விடும். அங்கே இடமே பொருளை நிறுவுகிறது.

கட்டளை வரியிலும் அப்படியே. 'விசை 2 -3 30' என்று வெறும் எண்களாக எழுதினால், அது இடத்தை நம்பிய வாக்கியம். வரிசை மாறினால் பொருள் மாறும். '--தொலைவு 30' என்று பெயரிட்டு எழுதினால், அந்தப் பெயர் ஓர் உருபு போல நின்று, எண்ணின் பங்கு என்ன என்று காட்டுகிறது. நிரலுக்குக் கொடுக்கும் குறிப்புகளுக்கு நம் கணிப்பொறிப் பாடநூல்களில் 'செயலுருபு' என்ற சொல் வழங்குகிறது. பொருத்தமான பெயர்!

உருபு மறைந்தால் என்ன ஆகும் என்பதையும் நம் இலக்கணம் ஆராய்ந்துள்ளது. 'நாய் கடித்த பூனை' என்று சொல்லுங்கள். நாயைக் கடித்த பூனையா, நாயால் கடிக்கப்பட்ட பூனையா? இரண்டாம் வேற்றுமையாகவும் மூன்றாம் வேற்றுமையாகவும் கொள்ள இடமிருப்பதால் இத்தகையதைத் தடுமாறு தொழிற்பெயர் என்று தொல்காப்பியர் குறித்தார். முன்பின் செய்தி அறிந்த மனிதன் சரியான பொருளைப் பிடித்துக் கொள்வான். முன்பின் அறியாத பொறி தடுமாறும் இடத்தில் ஊகிக்கக் கூடாது, கேட்க வேண்டும். தேநீர்க் கடை மாஸ்டர் செய்வதும் அதுதான்.

உலாவியிலிருந்து வெளியே வந்த மொழி

ஜாவாஸ்கிரிப்ட் கட்டளை வரிக்காகப் பிறந்த மொழியன்று. 1995 மே மாதத்தில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாட்களில் அதன் முதல் வடிவத்தை உருவாக்கினார். இணையப் பக்கங்களில் உள்ள படிவங்களுக்கும் பொத்தான்களுக்கும் உயிரூட்டுவதே அதன் பணி. படிவப் பெட்டியில் பயனர் நிரப்புவது எதுவாயினும் எழுத்துத் தொடராகவே வரும். ஆகவே எழுத்தை எண்ணாகவும், எண்ணை எழுத்தாகவும் தானே மாற்றிக் கொள்ளும் தாராளத் தன்மை அம்மொழியில் அமைந்தது. 'உண்மை' என்பதை 1 ஆகக் கொள்வதும் அத்தாராளத்தைச் சேர்ந்ததே. சி மொழியிலும் ஒப்பீடு உண்மையானால் 1 என்றே விடை வரும்.

2009-இல் ரையன் டால் என்பவர், கூகுள் நிறுவனத்தின் வி8 என்னும் ஜாவாஸ்கிரிப்ட் பொறியை உலாவியிலிருந்து பிரித்தெடுத்து, தனியே இயங்கும் நோட் என்ற அமைப்பை உருவாக்கினார். அவ்வாண்டு நவம்பரில் பெர்லின் மாநாட்டில் அதனை விளக்கினார். அன்று முதல் ஜாவாஸ்கிரிப்ட் பரவலாகக் கட்டளை வரிக்கு வந்தது. சி மொழியின் 'ஆர்க்வி' பெயர் மாறாமல் இங்கும் குடியேறியது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. வரிசையின் முதல் உறுப்பு நோட் நிரலின் இருப்பிடம். இரண்டாவது நம் நிரல்கோப்பின் இருப்பிடம். மூன்றாவதிலிருந்துதான் நாம் கொடுத்தவை தொடங்கும். எண்ணிக்கை சுழியில் தொடங்குவதால் அவற்றின் எண் 2 முதல் அமையும். முதல் இரண்டையும் வெட்டி எறிவதே பகுக்கும் வேலையின் முதற்படி.

மற்றொன்று நினைவிருக்கட்டும். இங்கு வருவன யாவும் எழுத்துத் தொடர்களே. தொடரிணைப்பில் உள்ள இரு மின்தடைகளைக் கூட்ட ஒரு மாணவர் நிரல் எழுதினார். 10 ஓமும் 15 ஓமும் கொடுத்தார். விடை 1015 ஓம்! கூட்டல் குறி எழுத்துத் தொடர்களை ஒட்ட வைக்கும் பசையாகவும் பயன்படுவதால் வந்த வினை. பெருக்கலில் எண்ணாக மாறுகிறது, கூட்டலில் ஒட்டிக் கொள்கிறது. எனவே பகுத்தவுடன் ஒவ்வொரு மதிப்பையும் எண்ணாக மாற்றி, உண்மையிலேயே எண்தானா என்று சோதித்து விடுவது நலம்.

அச்சில் விழுந்த கீறல்

நோட் தோன்றிய காலத்தில் அதனுடன் கெட்ஆப்ட் போன்ற கருவி எதுவும் தரப்படவில்லை. ஆகவே பலர் தனித்தனியே எழுதிப் பொதுவில் வைத்தனர். டிஜே ஹோலோவேய்சக் எழுதிய 'கமாண்டர்' 2011-இல் வந்தது. எந்தெந்தக் குறிகள் உண்டு என்று முன்னரே அறிவிக்கச் சொல்லும் வகை அது. ஜேம்ஸ் ஹாலிடே எழுதிய 'மினிமிஸ்ட்' 2013-இல் வந்தது. அறிவிப்பு இல்லாமலே ஊகித்துப் பகுத்துத் தரும் வகை அது. வேண்டுமானால் அறிவிக்கவும் இடமுண்டு. எண் போலத் தோன்றுவதை எண்ணாகவே மாற்றிக் கொடுக்கும். அது வசதிதான். ஆனால் 0042 என்ற பதிவெண்ணைக் கொடுத்தால், எழுத்துத் தொடராக வைத்துக் கொள் என்று சொல்லாத வரையில், 42 என்றே கையில் கிடைக்கும்.

மிகச் சிறிய கருவியாதலால் மினிமிஸ்ட் எண்ணற்ற மென்பொருள்களுக்குள் புகுந்தது. 2020-இல் அதில் ஒரு பெரிய குறை வெளிப்பட்டது. ஜாவாஸ்கிரிப்டில் ஒவ்வொரு பொருளுக்கும் பின்னால் ஒரு மூல அச்சு உண்டு. பொருளிடம் இல்லாத பண்பைக் கேட்டால், அந்த அச்சில் தேடி எடுத்துக் கொடுக்கும். கட்டளை வரியில் வரும் குறியின் பெயரையே கொண்டு மதிப்பைப் பதித்து வைப்பது மினிமிஸ்டின் முறை. அந்தப் பெயர் மூல அச்சையே சுட்டும் தனிப்பெயராக இருந்து விட்டால்? மதிப்பு பொருளில் பதியாமல் அச்சில் பதிந்து விடும். செங்கல் அச்சில் ஒரு கீறல் விழுந்தால், அதன் பின் வரும் செங்கல் எல்லாவற்றிலும் கீறல் இருக்குமல்லவா? இங்கு அதைவிடத் தீங்கு அதிகம். முன்பே உருவான பொருள்களிலும் கீறல் தோன்றும். 'இவர் மேலாளரா?' என்று நிரல் பின்னர் எங்கோ கேட்கும் கேள்விக்கு, கட்டளை வரியில் ஒருவர் எழுதிய சொல் 'ஆம்' என்று விடையளிக்கக் கூடும். இக்குறை அவ்வாண்டிலேயே திருத்தப்பட்டது. விடுபட்டிருந்த மற்றொரு வழி 2022-இல் அடைக்கப்பட்டது. அறியாத பெயரை வாய்மூடி ஏற்றுக் கொள்வதன் விலை இது.

அதே 2022-இல் நோட் 18.3 பதிப்பில் 'பார்ஸ்ஆர்க்ஸ்' என்னும் பகுப்புக் கருவி நோட்டின் உள்ளேயே சேர்க்கப்பட்டது. 2023-இல் வந்த 20-ஆம் பதிப்பில் அது உறுதியான பகுதியாயிற்று. பிறந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் வந்த கெட்ஆப்ட் எனலாம். இதில் குறிகளை முன்னரே அறிவிக்க வேண்டும். அறியாத குறி வந்தால் பிழை. '--மின்2 -3' என்று எழுதினால், இது மதிப்பா, வேறொரு குறியா என்று ஐயமாக உள்ளது, '--மின்2=-3' என்று சமக்குறியிட்டு எழுதுக என்று அது நிறுத்திக் கேட்கிறது. ஊகிப்பதில்லை. அறுபது ஆண்டுகளுக்கு முன் அட்டைகளில் இருந்த சமக்குறி, ஐயம் தீர்க்க மீண்டும் அழைக்கப்பட்டுள்ளது!

தமிழ் எழுத்தின் கணக்கு

குறிகளுக்குத் தமிழில் பெயரிடலாமா? இடலாம். நீண்ட பெயர்களில் எந்தத் தடையும் இல்லை. என் நிரலில் இன்றும் '--தொலைவு' என்றே உள்ளது. ஓரெழுத்துக் குறியில்தான் சிக்கல். 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று என்பீர்கள். ஜாவாஸ்கிரிப்ட் ஐந்து என்கிறது. யூனிகோடு முறையில் 'மி' என்பது மகரமும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு. 'ழ்' என்பது ழகரமும் புள்ளியும் சேர்ந்த இரண்டு. ஓரெழுத்துக் குறியின் நீளம் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று பார்ஸ்ஆர்க்ஸ் விதிக்கிறது. ஆகவே 'க' செல்லும், 'கி' செல்லாது. டெலிடைப் விசைப்பலகையில் ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்றிருந்த காலத்தின் எண்ணம், நம் உயிர்மெய் எழுத்துக்களின் முன் வந்து தடுமாறுகிறது. இதைத் திருத்த வேண்டியவர்கள் இந்த எழுத்துக்களைப் பயன்படுத்தும் நாம்தாம்.

2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, விண்டோஸுடன் சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அவற்றில் இருந்தது. அதாவது யூனிக்ஸ் மரபின் கட்டளை வரி அன்றே நம் சிற்றூர் வீடுகளுக்கு வந்து விட்டது. கருப்புத் திரையில் கண்சிமிட்டும் அந்தச் சிறு கோட்டைக் கண்டு தயங்கி மூடி விட்டவர்களே மிகுதி. மாணவர்களே, தயங்காதீர்கள். அது ஒரு வாக்கியத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது, அவ்வளவே. எழுவாய், பயனிலை, உருபு அறிந்த உங்களுக்கு அந்த இலக்கணம் கடினமாக இராது.

என் நிரலைத் திருத்தி விட்டேன். குறிகளை முன்னரே அறிவிக்கிறது, அறியாத பெயரை மறுக்கிறது, எண்ணா என்று சோதிக்கிறது. இப்போது −0.6 என்று சரியாகச் சொல்கிறது. பதிவேடுகளில் 0.2 என்று எழுதியிருந்தவர்களுக்கு மதிப்பெண் குறைக்கவில்லை. பிழை என்னுடையது என்று வகுப்பில் சொல்லி, அனைவரையும் கையால் கணக்கிடச் செய்து திருத்தி எழுத வைத்தேன். விடையைப் பார்த்து 'இது எப்படி?' என்று கேட்ட அந்த மாணவியின் கேள்வியை மட்டும் எந்தப் பகுப்புக் கருவியாலும் தர முடியாது. அது ஆய்வகத்துக்கு வரும் ஒவ்வொருவரும் தம்முடன் கொண்டு வர வேண்டியது.